இருந்தபடியே

வாடகை ஒப்பந்தத்தில் பதினாறாம் பிரிவு:
எடுத்தபோது இருந்தபடியே
கடையைத் திருப்பித் தர வேண்டும்.
அந்த ஒரு வரியில்தான்
இருபத்திரண்டு வருடமாய் என் சோறு.

பீச் ரோட்டில் சன் லீ பிளாசா,
மூன்றாம் மாடி, நாற்பத்தொன்று.
அந்த ஒரு கடையை மட்டும்
நான்கு முறை கழற்றியிருக்கிறேன்.

முதலில் ரொகாயா அம்மாளின் உம்ரா பயண முகவகம்.
சுவர் முழுக்கக் காபாவின் படம்.
அதில் சுரண்டியை வைக்கக் கை வரவில்லை.
அவரே ஸ்டூலில் ஏறி
மூலையிலிருந்து மெல்ல உரித்து,
பாயைப் போலச் சுருட்டி
இருநூற்று முப்பத்திரண்டாம் எண் பஸ்ஸில் ஏற்றிப் போனார்.
மிச்ச வாடகை பற்றி
அன்று ஒரு சொல் இல்லை.

பிறகு துணைப்பாட நிலையம்.
வெண்பலகையில்
பின்னக் கணக்கு ஒன்று பாதியில் நின்றிருந்தது.
மதியச் சோற்றுக்கு முன்
ஷோஹாக் அதைப் போட்டு முடித்தான்.
ஏழில் மூன்று.
அடிக்கோடு இட்டான், ஊதினான்,
அப்புறம்தான் பலகையை இறக்கினோம்.

பபிள் டீக் கடை திறந்த அன்று
வரிசை மின்தூக்கியைத் தாண்டி வளைந்தது.
நானும் நின்றேன், குடிக்க அல்ல.
வரிசையின் நீளத்தைப் பார்த்தால்
ஆயுள் சொல்ல வரும் எனக்கு.
பதினோரு மாதம் என்றேன்.
ஒன்பதில் போன் வந்தது.

கடைசியாக ஜெரேமி டே.
நோய்க்காலத்தில் முகக்கவசம் விற்றவன்.
நோய் போனது; நாற்பது பெட்டி நின்றது.
கூலியில் பாதிக்கு அதையே தந்தான்.
அவன் கவசத்தைக் கட்டிக்கொண்டு
அவன் அலமாரியை உடைத்தோம்.
தூசி நன்றாகவே தடுத்தது, குறை சொல்லக்கூடாது.

டைல்ஸைப் பெயர்த்தால் கீழே டைல்ஸ்,
அதன் கீழே பச்சை லினோலியம்,
அதற்கும் கீழே சிமெண்ட் தரையில்
பென்சிலால் ஓர் அளவு: 2.43.
ஏழைக் குறுக்குக் கோடு போடாமல் எழுதுவேன்,
நான்கின் தலையைத் திறந்து விடுவேன்.
என் கையெழுத்துதான்.
எதை அளந்தேன் என்றுதான் தெரியவில்லை.

போன ஜூனில்
நூற்றுக்கு எண்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள்.
கட்டடம் மொத்தமாக விலை போனது.
பூட்டுக்கடை ஆ கியோக் மட்டும் போடவில்லை.
கூட்டத்துக்கும் வரவில்லை, கடையையும் மூடவில்லை,
தன் போக்கில் சாவி வெட்டிக்கொண்டிருந்தார்,
யாருடைய கதவுக்கோ.

எல்லாருக்கும் கடிதம் வந்தது:
இம்முறை பதினாறாம் பிரிவு செல்லாது.
விளக்கு, குழாய், பெயர்ப்பலகை,
எல்லாம் அப்படியே கிடக்கட்டும்.
முன்பணம் முழுதும் திரும்பும்.
கடைக்காரர்கள் கைதட்டினார்கள்.
எனக்குத்தான் தட்ட வரவில்லை.
ஐந்தாம் மாடி மூலையில்
என் ஆபீசும் அந்தக் கட்டடத்தில்தான்.

சனிக்கிழமை தனியாகப் போய்
என் அறையைக் கழற்றினேன்.
யாரும் கேட்கவில்லை. பழக்கம்.
ஆணித்துளைகளைப் புட்டியால் அடைத்து
வெள்ளை அடித்து
சாவியை வாசலிலேயே வைத்துவிட்டு இறங்கினேன்.

கார் நிறுத்துமிடத்தில்
மண் பார்க்க வந்தவர்கள் துளையிட்டுக்கொண்டிருந்தார்கள்.
குழாயிலிருந்து உருவினார்கள்:
கொஞ்சம் தார், கொஞ்சம் செம்மண்,
உடைந்த செங்கல்,
பின்பு மணல், மணல்,
கடைசியில் சாம்பல் நிறச் சேறு,
அதில் மூடியபடி ஒரு சிப்பி.
தெருவின் பெயரிலேயே கரை இருக்கிறது.
தினம் படித்தும்
படித்ததில்லை நான்.

சிப்பியைத் திருகாணி டப்பாவில் போட்டேன்.
திங்களன்று புது முதலாளியின் ஆள் அழைத்தாள்.
அதே மனையில் ஒரு காட்சிவீடு வேண்டுமாம்,
அட்டைச் சுவர், நிஜமான சோபா,
ஜன்னலுக்கு வெளியே ஒட்ட
கடலின் படம்.
கட்ட எவ்வளவு, கழற்ற எவ்வளவு,
இரண்டுக்கும் சேர்த்து
விலை அனுப்பச் சொன்னாள்.
கழற்றும் தேதியை மட்டும்
இப்போதே குறித்துக்கொள்ளச் சொன்னாள்.